பம்பாய்ச் சக்கரங்கள் – 17: கம்பியை நம்பிய வண்டி

மும்பையின் கடைசி பிரீமியர் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று பதிவாகி, இருபது ஆண்டு ஆயுள் முடிந்து 2023 அக்டோபர் 30 முதல் சாலையை விட்டு விலகியதைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த வண்டியில் கம்ப்யூட்டர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதற்குப் பின் வந்த வண்டிகளிலோ எஞ்சின், பிரேக், கதவு, கண்ணாடி, முகப்பு விளக்கு என்று கம்ப்யூட்டர் தொடாத இடம் கிடையாது. இந்த மாற்றம் எப்படி வந்தது, வரும்போது யாருக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டது என்பதுதான் இந்த இதழின் கதை. அதைச் சொல்ல வடாலாவிலிருந்து தொடங்குவதே சரி.

வடாலா கிழக்கில், எம்.எம்.ஆர்.டி.ஏ. உருவாக்கிய லாரி முனையத்தை ஒட்டி மும்பை கிழக்கு ஆர்.டி.ஓ. இருக்கிறது. செம்பூர், குர்லா, காட்கோபர் பக்கம் ஓடும் வண்டிகளின் எம்.ஹெச். 03 எண்கள் இங்கே தரப்படுபவை. புது வண்டிப் பதிவு, பெயர் மாற்றம், டாக்சி ஆட்டோக்களின் ஃபிட்னெஸ் எல்லாவற்றுக்கும் பொறுப்பு இந்த அலுவலகம்தான். கட்டணம் உயரும் போதெல்லாம் மீட்டர் விவகாரமும் ஆர்.டி.ஓ. வாசலுக்கு வரும். 2025 பிப்ரவரி 1 முதல் டாக்சிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 28 ரூபாயிலிருந்து 31 ஆகவும், ஆட்டோவுக்கு 23-லிருந்து 26 ஆகவும் ஏறியது. உடனே நகரத்து மீட்டர்கள் எல்லாவற்றையும் திருத்தி, சோதித்து, சீல் வைத்தாக வேண்டியிருந்தது. மீட்டருக்கு எதற்கு இத்தனை சீலும் சோதனையும் என்று கேட்டால், வண்டியின் எலெக்ட்ரானிக்ஸ் பற்றிய பெரிய பாடம் ஒன்று அதற்குள் இருக்கிறது.

பழைய மீட்டர் ஓர் இயந்திரம். டாக்சிக்கு வெளியே, இடது பக்கம் பொருத்தியிருப்பார்கள். கொடியைக் கீழே தள்ளினால் ‘மீட்டர் டவுன்’. கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிள் சுழலச் சுழல எண் ஏறும். அந்த எண்ணைக் கட்டண அட்டையோடு ஒப்பிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். பல்சக்கரத்தை மாற்றி வைத்தால் கிலோமீட்டர் நீளும் என்பதால் பயணிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் நித்தம் சண்டை. இதற்கு முடிவு கட்டத்தான் எலெக்ட்ரானிக் மீட்டர் கட்டாயமாக்கப்பட்டது. 2012-இல் பி.எம்.ஏ. ஹக்கீம் குழுவின் பரிந்துரைப்படி கட்டணம் மாறிய அதே காலம் அது. இனி ஏமாற்ற முடியாது என்று நம்பினோம்.

எலெக்ட்ரானிக் மீட்டர் சக்கரத்தைப் பார்ப்பதில்லை. கியர் பாக்ஸில் இருக்கும் சென்சார் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன மின்துடிப்பை வயரில் அனுப்பும். கிலோமீட்டருக்கு இத்தனை துடிப்பு என்று மீட்டருக்குள் ஓர் எண் பதிந்திருக்கும். மீட்டர் எண்ணிக்கொண்டே போகும். இதைப் புரிந்துகொண்டவர்கள் மீட்டரைத் தொடவே இல்லை. சீல் அப்படியே இருந்தது. அவர்கள் தொட்டது வயரை. வழியில் ஒரு சின்னப் பெட்டி, ஹாரன் பக்கத்திலோ கைப்பிடி அருகிலோ மறைவாக ஒரு பட்டன். அழுத்தினால் கூடுதல் துடிப்பு. சக்கரம் அனுப்பியதா, பெட்டி அனுப்பியதா என்று மீட்டருக்குத் தெரியாது. மின்சாரம் வந்தால் எண்ணும், அவ்வளவுதான். மும்பை ஆட்டோக்களில் இப்படிப்பட்ட பட்டன்களை ஆர்.டி.ஓ. அதிகாரிகள் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

உலகத்தின் விலை உயர்ந்த கார்களிலும் இதே குறைதான் இருக்கிறது. கம்பியில் வந்ததைக் கேட்கும் பெட்டிக்கு, அனுப்பியது யார் என்று தெரியாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கும்.

பத்மினியின் காலத்தில் திருடனுக்கு இவ்வளவு படிப்பு தேவைப்படவில்லை. இக்னிஷன் ஸ்விட்சுக்குப் போகும் வயரைச் சேர்த்து முறுக்கிவிட்டால் வண்டி எழுந்துவிடும். மெக்கானிக்குகள் அதை ‘டைரக்ட்’ என்பார்கள். சாவி தொலைந்த வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிவரவும் அதே டைரக்ட்தான், களவாடவும் அதே டைரக்ட்தான். வண்டி வைத்திருந்தவர்கள் ஸ்டியரிங்கில் சங்கிலி போட்டார்கள். சீட்டுக்கு அடியில் ரகசிய ஸ்விட்ச் வைத்தார்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் தூங்கப் போனவர்களும் உண்டு.

ஆனால் காருக்குள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது திருட்டு பயம் அல்ல, புகை. 1999 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம், டெல்லி வட்டாரத்தில் புதிதாகப் பதிவாகும் சொந்தக் கார்கள் யூரோ 1 தரத்தையும், 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 தரத்தையும் எட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2001-இல் மும்பை, சென்னை, கொல்கத்தாவுக்கும் அந்தத் தரம் வந்தது. அதே ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றம், வி.எம். லால் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, பழைய டாக்சிகளைத் தூய எரிபொருளுக்கு மாற்றச் சொன்னது. கார்புரெட்டரைக் கழற்றிக் கழுவி, ஸ்க்ரூவைத் திருகி அந்தத் தரத்தை எட்ட முடியாது. எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் என்று கணக்கிட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ முன்கூட்டியே அப்படிக் கணக்கிடும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினோடு வந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக மாறினார்கள். மாற்றம் நல்லதற்குத்தான். தொண்ணூறுகளில் சயான் சர்க்கிளில் பச்சை விளக்குக்கு நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கம்ப்யூட்டர் ஒன்றோடு நிற்கவில்லை. பிரேக்குக்கு ஏ.பி.எஸ். பெட்டி, விபத்துக்கு ஏர்பேக் பெட்டி, கதவுகளுக்கு ஒரு பெட்டி என்று பெருகின. இவை ஒன்றோடொன்று பேச வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் இழுத்தால் எடையும் விலையும் ஏறும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-லேயே இதற்கு வழி தேடத் தொடங்கி, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த எஸ்.ஏ.இ. மாநாட்டில் ‘கேன்’ என்ற முறையை வெளியிட்டது. முறுக்கிய இரண்டே கம்பி. எல்லாப் பெட்டிகளும் அதிலேயே இணைந்திருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏறியது. 1993-இல் ஐ.எஸ்.ஓ. 11898 என்று உலகத் தரமானது. இன்று நம் வீதியில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது இதுதான்.

மும்பையின் ‘சால்’ குடியிருப்பில் பொது வராந்தாவில் ஒருவர் குரல் கொடுத்தால் எல்லாக் குடித்தனத்துக்கும் கேட்குமே, கேன் அப்படிப்பட்டது. செய்தியின் தலைப்பில் ஓர் எண் இருக்கும். அது எதைப் பற்றிய செய்தி என்று சொல்லும். இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசினால் சின்ன எண்ணுக்கே முதலிடம். அதன் பின் அதிகபட்சம் 8 பைட் தகவல். சக்கர வேகம் இவ்வளவு என்று ஒரு பெட்டி சொன்னால் எஞ்சினும் டேஷ்போர்டும் அதை எடுத்துக்கொள்ளும். சொன்னது யார் என்ற விவரம் செய்தியில் கிடையாது. வழியில் மின்சாரக் குறுக்கீட்டால் செய்தி சிதைந்ததா என்று பார்க்கும் கணக்கு உண்டு. அது பொய்யா என்று பார்க்கும் கணக்கு இல்லை.

இதற்காக 1986-இல் உட்கார்ந்து யோசித்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. அன்றைய காருக்கு வெளி உலகத்தோடு இருந்த தொடர்பு ரேடியோ ஏரியல் மட்டுமே. கம்பியைத் தொட வேண்டுமானால் பானெட்டைத் திறந்து தொட வேண்டும். அவ்வளவு தூரம் வந்தவன் பிரேக் பைப்பையே அறுத்துவிட்டுப் போகலாமே! குற்றம் பிற்பாடு நடந்தது. அதே கம்பிகளோடு ப்ளூடூத்தையும் சிம் கார்டையும் கொண்டுவந்து சேர்த்தவர்கள், பழைய நம்பிக்கையை அப்படியே விட்டுவைத்தார்கள். வாகன நிறுவனங்கள் இதற்கு இன்னும் முழுமையாகப் பதில் சொல்லவில்லை என்பதே என் கருத்து.

அந்தக் கம்பிக்கு ஒரு வாசலும் சட்டப்படியே வைக்கப்பட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் குனிந்து பாருங்கள். 16 துளைகள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் 6-ஆம் துளையும் 14-ஆம் துளையும் கேன் கம்பிகள். 16-இல் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். இதுதான் ஓ.பி.டி. புகைக் கட்டுப்பாடு வேலை செய்கிறதா என்று யாரும் செருகிப் பார்க்க வேண்டும் என்பதற்காக அமெரிக்கா 1996-இல் இதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் முதல் கட்டம் 2010-லும் இரண்டாம் கட்டம் 2013-லும் வந்தது. ஆண்டாப்ஹில்லிலும் குர்லாவிலும் தெருவோரம் கடை போட்டிருக்கும் மெக்கானிக்குக்கு இந்தச் சாக்கெட்தான் இன்று பிழைப்பு. ‘ஸ்கேனர் போட்டுப் பார்க்கணும்’ என்பதுதான் வண்டியைப் பார்த்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை. அதே சாக்கெட்டில் வேறொரு கருவியைச் செருகினால் வண்டிக்குப் புதுச் சாவி பழக்கலாம். பல வண்டிகளில் ஓடிய கிலோமீட்டரையும் குறைக்கலாம். செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஒரு லட்சம் ஓடிய வண்டி நாற்பதாயிரமாக இளைப்பது இப்படித்தான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது. திருடனுக்குப் பயந்து சாக்கெட்டை மூடினால் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர எவராலும் வண்டியைத் தொட முடியாது. தெருவோர மெக்கானிக்கின் அடுப்பு அணையும். பழுதுச் செலவு நம் தலையில் ஏறும். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் வெளி மெக்கானிக்குகளுக்கும் பழுதுத் தகவல் தர வேண்டும் என்று சட்டம் செய்தது. பாதுகாப்பின் பெயரைச் சொல்லி உள்ளூர்க் கைகளை வெட்டுவதை நான் ஏற்க மாட்டேன். யார் செருகுகிறார், எதற்காகச் செருகுகிறார் என்று கேட்டுத் திறக்கும் சாக்கெட்டை வடிவமைக்க முடியும். செலவாகும், அவ்வளவுதான்.

இனி சாவியின் கதை. சாவித் தலைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சில். இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு சுருள். வண்டி ஒரு கேள்வி அனுப்பும். சில் ரகசியக் கணக்குப் போட்டுப் பதில் தரும். பதில் தப்பானால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. இதுதான் இம்மொபிலைசர். ஐரோப்பிய ஒன்றியம் 1998-இல் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. பழைய ‘டைரக்ட்’ வித்தை அதோடு செத்தது. அது எவ்வளவு பெரிய நன்மை என்பதற்கு வட அமெரிக்காவே சாட்சி. கனடா 2007-இல் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது, அமெரிக்கா ஆக்கவில்லை. 2011-க்கும் 2021-க்கும் இடையே அமெரிக்காவில் விற்ற கியா, ஹூண்டாய் கார்களில் பல அந்தச் சில் இல்லாமலே வந்தன. 2022-இல் சிறுவர்கள் யு.எஸ்.பி. கேபிளின் முனையால் திருகி அவற்றைக் கூட்டம் கூட்டமாக ஓட்டிப் போனார்கள். எல்லைக்கு அப்பால் கனடாவில் அந்த வித்தை பலிக்கவில்லை. ஆகவே எலெக்ட்ரானிக்ஸே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

அந்த ரகசியக் கணக்குதான் பிரச்சினை. கம்பெனிகள் அதைத் தாங்களே கட்டி, வெளியே காட்டாமல் வைத்தன. ஒளித்து வைத்தது பாதுகாப்பாக இருக்கும் என்ற எண்ணம். 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகமும் சேர்ந்து டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லின் 40 பிட் ரகசியத்தை ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துக் காட்டின. ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி சேர்க்கைகள் உள்ள ரகசியம் அது! ரிமோட்டுகளில் இருந்த கீலாக் என்ற முறை 2008-க்குள் உடைந்தது. மெகமோஸ் என்ற சில்லின் கோளாற்றை பர்மிங்காம், ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியபோது, ஃபோக்ஸ்வாகன் 2013-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை 2015-இல், ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு, வெளிவந்தது. தடை கட்டுரையை நிறுத்தியது. வீதியில் நின்ற வண்டிகளின் சில்லை மாற்றவில்லை.

வண்டி ஓடும்போதே அதைப் பிடிக்க முடியும் என்று தெரிந்தது 2010-இல். வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சான் டியகோ கலிபோர்னியா பல்கலைக்கழகமும், சாக்கெட்டில் ஒரு மடிக்கணினியைச் செருகி, ஓடும் காரின் பிரேக்கை முடக்கிக் காட்டின. உள்ளே உட்கார்ந்துதானே செய்தீர்கள் என்று அலட்சியம் செய்தவர்களுக்கு மறு ஆண்டே பதில் வந்தது. ப்ளூடூத் வழியாக, தொலைபேசி அழைப்பு வழியாக, பாட்டுக் குறுந்தகடு வழியாகக்கூட அதே கம்பிக்குப் போனார்கள். ஊர் முழுக்கப் பேசியது 2015 ஜூலையில்தான். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் இருவரும் வீட்டில் உட்கார்ந்தபடி, செயின்ட் லூயிஸ் நெடுஞ்சாலையில் ஒரு பத்திரிகையாளர் ஓட்டிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியின் வேகத்தை அறுத்தார்கள். பாட்டுப்பெட்டியின் செல்போன் இணைப்புதான் வாசல். ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, திருத்திய மென்பொருளை யு.எஸ்.பி. குச்சியில் தபாலில் அனுப்பியது.

திருடர்கள் இவ்வளவு தூரம் போகவில்லை; அவர்களுக்கு அது தேவையும் இல்லை. சட்டைப் பையில் சாவி இருந்தாலே கதவு திறக்கும் வண்டிகள் வந்தன அல்லவா? வண்டி மெல்லிய அலையில் கூப்பிடும். அருகில் இருக்கும் சாவி பதில் சொல்லும். அந்த அலையை நீட்டித்தால் வீட்டுக்குள் ஆணியில் தொங்கும் சாவியும் பதில் சொல்லிவிடும். 2011-இல் சூரிக் நகரின் இ.டி.ஹெச். ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் 10 மாடல்களைச் சோதித்தார்கள். பத்தும் திறந்தன. பின்னர் திருடர்கள் அதற்கும் மேலே போனார்கள். 2022-இல் லண்டனில் ஒரு டொயோட்டா ராவ்4 காணாமல் போனது. அதற்கு முன் அதன் முகப்பு விளக்குப் பக்கம் யாரோ நோண்டியிருந்தார்கள். கென் டிண்டெல் என்ற பொறியாளர் 2023 ஏப்ரலில் காரணத்தை விரிவாக எழுதினார். விளக்கின் கப்ளருக்குள்ளும் கேன் கம்பி வருகிறது. அதைப் பிரித்து, ப்ளூடூத் ஸ்பீக்கர் வேடத்தில் இருந்த ஒரு கருவியைச் செருகி, ‘சாவி சரிபார்க்கப்பட்டது, கதவைத் திற’ என்ற செய்தியைத் திருடன் தானே அனுப்பியிருக்கிறான். உள்ளே இருந்த உதிரி பாகங்களின் மதிப்பு சுமார் பத்து டாலர். மறைவான பட்டனால் மீட்டருக்குப் பொய்த் துடிப்பு அனுப்பிய மும்பை ஆட்டோக்காரர் செய்ததும் இந்த வேலையைத்தான்.

லண்டன் கதை என்று ஒதுக்க முடியாது, ஏனெனில் அதன் கணக்கு மும்பைக் கோட்டைப் பகுதியில் உள்ள டாடா தலைமையகமான பாம்பே ஹவுசுக்கே வந்தது. டாடா மோட்டார்ஸ் 2008-இல் 230 கோடி டாலருக்கு வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவரின் ரேஞ்ச் ரோவர்கள் பிரிட்டனில் தொடர்ந்து களவு போயின. இன்ஷூரன்ஸ் கிடைப்பதே கடினமானது. பழைய வண்டிகளின் பாதுகாப்பைத் திருத்த 1 கோடி பவுண்ட் ஒதுக்குவதாக 2023 நவம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது. நம் பக்கமும் குறைவில்லை. டெல்லியில் கிரெட்டா, ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளைத் தூக்கும் கும்பல்களிடம் சாவி பழக்கும் கருவிகளைப் போலீசார் பலமுறை கைப்பற்றியிருக்கிறார்கள். சென்னை அண்ணா நகரில் வீட்டு வாசலில் நின்ற சொகுசு கார் திருடு போன வழக்கில் 2025-இல் ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவர் புதுச்சேரியில் பிடிபட்டார். படித்தவர், பல மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கார்களைத் திருடியவர் என்று போலீசார் தெரிவித்தார்கள்.

திருடிய வண்டிக்கு அடுத்துத் தேவைப்படுவது பேப்பர். விபத்தில் நொறுங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ என்று கழித்த அதே மாடல் வண்டியை வாங்குவார்கள். அதன் சேசிஸ் எண்ணைத் திருட்டு வண்டியில் அடிப்பார்கள். ஆர்.சி. சுத்தமாக இருக்கும், வண்டி வேறு. ‘வாகன்’ தகவல் தளத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்கு வந்து நிற்கும் அப்பாவி வாங்கியவர்தான் பிற்பாடு போலீஸ் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

இப்போது வண்டிகள் எந்நேரமும் வலைத்தொடர்பில் இருக்கின்றன. 2019-இல் ஹூண்டாய் வென்யூவும் எம்.ஜி. ஹெக்டரும் உள்ளேயே சிம்மோடு வந்தன. அதே ஆண்டு ஜனவரி 1 முதல் புதிய டாக்சி, பேருந்துகளில் ஏ.ஐ.எஸ். 140 தரப்படி இருப்பிடம் காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் கட்டாயமாயின. இரவில் தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்கு அந்தப் பொத்தான் அவசியம். அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தகவல் யாரிடம் போகிறது, அதே வழியில் வண்டிக்குள் என்ன திரும்பி வர முடியும் என்பதை ஓட்டுபவருக்கு யாரும் சொல்வதில்லை. ஆஸ்லோ நகரப் போக்குவரத்து நிறுவனமான ரூட்டர், 2025-இல் இரண்டு மின்சாரப் பேருந்துகளை மலைக்குள் இருந்த சுரங்கத்துக்குக் கொண்டுபோய், வெளி அலைகள் எட்டாத இடத்தில் வைத்துச் சோதித்தது. சீனாவின் யுடோங் பேருந்தில் ருமேனிய சிம் ஒன்று இருந்தது. அதன் வழியாக மின்சார விநியோகக் கட்டுப்பாடு வரை தயாரிப்பாளர் எட்ட முடியும், கோட்பாட்டளவில் பேருந்தை நிறுத்தவும் முடியும் என்று ரூட்டர் அறிவித்தது. மும்பையின் பெஸ்ட் பேருந்து நிறுவனத்திலும் மின்சாரப் பேருந்துகள் பெருகிவிட்டன. அசோக் லேலண்டின் ஸ்விட்ச் நிறுவனம் செய்த மின்சார மாடிப் பேருந்து 2023 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. அவற்றில் குறை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்லோ செய்த சோதனையை மும்பையும் செய்து முடிவை மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்கிறேன். கைக்கெட்டும் தூரத்தில் மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ. இருக்கிறது. 1887-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி அது. இந்த வேலையை நம் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

சட்டத்தால் ஆகாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஐ.நா. 2020 ஜூனில் 155, 156 என்ற இரண்டு விதிகளை ஏற்றது. வண்டியின் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கும் மென்பொருள் மாற்றத்துக்கும் தயாரிப்பாளரே பொறுப்பு என்பது சாரம். ஐரோப்பாவில் 2022 ஜூலையில் புது மாடல்களுக்கும், 2024 ஜூலையில் விற்கும் புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. அதற்குத் தகுதி பெறாததால் போர்ஷே தன் பெட்ரோல் மக்கானை அங்கே விற்பதையே நிறுத்தியது. சட்டத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. இந்தியாவும் அதே வழியில் ஏ.ஐ.எஸ். 189, 190 என்ற தரங்களை எழுதியிருக்கிறது. எழுதியதோடு நில்லாமல், விற்ற பிறகு கண்டுபிடிக்கப்படும் குறைகளை இலவசமாகத் திருத்தும் கடமையையும் நிறுவனங்கள் மேல் வைக்க வேண்டும். பிரேக் பழுதுக்கு வண்டியைத் திரும்ப அழைக்கிறவர்கள், பூட்டுப் பழுதுக்கும் அழைக்கட்டும்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் வாங்குவது செகண்ட் ஹேண்ட் வண்டி. வாங்கும் அன்றே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், வண்டியின் நினைவில் எத்தனை சாவி பதிந்திருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் கையில் இரண்டு இருந்து, உள்ளே மூன்று பதிந்திருந்தால் மூன்றாவதை அழிக்கச் சொல்லுங்கள். பழைய உரிமையாளரின் ஃபோனிலிருக்கும் செயலியில் இன்னும் உங்கள் வண்டி தெரியலாம். அந்தக் கணக்கை அவர் முன்னாலேயே நீக்க வையுங்கள். சாக்கெட்டில் ஏதாவது சின்னப் பெட்டி செருகியிருந்தால் என்னவென்று கேளுங்கள், தேவையில்லை என்றால் பிடுங்குங்கள். இரண்டு சாவியையும் கேட்டு வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வண்டி திருடு போனால் இன்ஷூரன்ஸ்காரர் இரண்டையும் கேட்பார். இரும்புத் தடி போட்ட ஸ்டியரிங் பூட்டு இன்றும் வீண் போகாது. எந்தக் கம்பியில் என்ன செய்தி வந்தாலும் அது திறக்காது. வடாலா ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்களைக் கொடுக்கிறோம். எத்தனை சாவி, எந்த ஃபோன் என்ற கேள்வி அந்த இரண்டிலும் கிடையாது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

(தொடரும்)